256 நிறங்களில் யாருக்கு எத்தனை?

1987-இல் ஐபிஎம் நிறுவனம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏ என்ற திரை நுட்பத்தைக் கொண்டுவந்தது. கணினி விளையாட்டுகளை எழுதியவர்கள் மிகவும் விரும்பிய அதன் ஒரு நிலையில் திரையின் அகலம் 320 பிக்சல், உயரம் 200 பிக்சல். மொத்தம் 64,000 பிக்சல்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 64 படிகள் இருந்ததால் விஜிஏவால் உண்டாக்கக்கூடிய நிறங்கள் 2,62,144. ஆனால் ஒரே நேரத்தில் திரையில் இடம் கிடைத்தது அவற்றில் 256-க்கு மட்டும்.

காரணம் நினைவகத்தின் விலை. ஒரு பிக்சலின் நிறத்தை முழுதாக எழுத 3 பைட் என்றால், அந்தத் திரைக்கு 1,92,000 பைட் வேண்டும். அதற்குப் பதிலாக 256 நிறங்களை ஓர் அட்டவணையில் வரிசை எண் போட்டு எழுதி, பிக்சலில் அந்த எண்ணை மட்டும் வைத்தால் 64,000 பைட்டில் வேலை முடிந்துவிடும். இந்த அட்டவணைதான் வண்ணத்தட்டு. பிக்சலுக்குத் தன் நிறம் தெரியாது. 147 என்ற எண் மட்டுமே தெரியும். 147 என்றால் எந்த நிறம் என்பதை அட்டவணை சொல்லும்.

ஒரே ஒரு படம் இருக்கும்வரை இதில் பெரிய வருத்தம் இல்லை. அந்தப் படத்துக்கு வேண்டிய 256 நிறங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் பெரும்பாலான புகைப்படங்கள் பார்க்கும்படியே இருக்கும். தொல்லை இரண்டாவது படத்தோடு தொடங்குகிறது. திரைக்கு அட்டவணை ஒன்றுதான். இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டுமானால் இரண்டும் ஒரே அட்டவணையைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினாலும் தப்பிக்க முடியாது. அட்டவணையை மாற்றும் கணத்தில் பழைய படம் திரையில் இன்னும் இருக்கும். அதன் எண்களுக்குப் புதிய நிறங்கள் பொருந்தி, முகம் பச்சையாகவும் வானம் ஊதாவாகவும் ஒரு நொடி வெட்டிவிட்டுப் போகும். 1990-களில் சிடி ராம் தயாரித்தவர்கள் இதை 'பேலட் ஃபிளாஷ்' என்று அழைத்தார்கள். விண்டோஸ் 3.1 தன் பொத்தான்களுக்கும் சட்டங்களுக்கும் 20 நிறங்களைக் கேட்டு எடுத்துக்கொண்டதால் அங்கே படங்களுக்கு மிஞ்சியது 236.

ஆகவே பல படங்களையும் சேர்த்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் உதவும் ஒரே வண்ணத்தட்டைக் கண்டுபிடிப்பது தனித் தொழிலாகவே ஆனது. அதற்கென வந்த மென்பொருள்களில் புகழ்பெற்றது டீபாபலைசர். அதை எழுதிய டேவ் தியூரர், அதற்கு முன்பு அட்டாரி நிறுவனத்தில் மிசைல் கமாண்ட், டெம்பெஸ்ட் ஆகிய விளையாட்டுகளை உருவாக்கியவர். நூற்றுக்கணக்கான படங்களைப் படித்து ஒரு பொதுத் தட்டைக் கணக்கிடும் அதன் வசதிக்கு 'சூப்பர் பேலட்' என்று பெயர். பல்லூடகத் தொழிலில் இருந்தவர்கள் அந்த ஒரு வசதிக்காகவே அதை வாங்கினார்கள்.

இந்த வேலையைச் சராசரிக் கணக்காகப் பார்ப்பதுதான் வழக்கம். எல்லாப் படங்களையும் கொட்டு, எண்ணு, அதிகம் வருவதை எடு என்பதுதான் பாடப்புத்தகத் தீர்வு. என் வாதம் வேறு. இது பங்கீட்டுப் பிரச்சினை. 256 இடங்கள் இருக்கின்றன. கேட்பவர்கள் லட்சக்கணக்கில் நிற்கிறார்கள். எந்த அடிப்படையில் இடம் தருகிறோம் என்பதைப் பொறுத்தே எந்தப் படம் வாழும், எந்தப் படம் சாகும் என்பது முடிவாகிறது. அதைத் தீர்மானிக்கிற பொறுப்பு கணக்குக்கு இல்லை, கணக்கை ஏவுகிறவருக்கு இருக்கிறது.

முதலில் ஒற்றைப் படத்துக்கான வழிகளைப் பார்த்துவிடலாம். பொதுத் தட்டின் எல்லாக் குணங்களும் குற்றங்களும் அங்கிருந்துதான் வருகின்றன.

பால் ஹெக்பெர்ட் 1980-இல் எம்ஐடியில் இளநிலைப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடு இந்தத் துறையின் அடித்தளம். அது விரிவாக்கப்பட்டு 1982-இல் சிக்ராஃப் மாநாட்டில் கட்டுரையாக வந்தது. அவர் அதில் இரண்டு வழிகளை ஒப்பிட்டார். முதல் வழி, அதிகம் வரும் நிறங்களுக்கே இடம் தருவது. பிக்சல்களை நிறவாரியாக எண்ணு, பட்டியலின் உச்சியில் இருக்கும் 256-ஐ எடுத்துக்கொள், மீதி எல்லாம் அவற்றில் நெருங்கியதோடு ஒட்டிக்கொள்ளட்டும். செய்வதற்கு எளிது. ஆனால் பெரிய நீல வானமுள்ள படத்தில் முதல் 200 இடங்களையும் நீலமே பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது வழியை அவர் 'மீடியன் கட்' என்றார். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் நீளம், அகலம், உயரமாகக் கொண்ட ஒரு கனசதுரத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். படத்தின் ஒவ்வொரு பிக்சலும் அதற்குள் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிகளையும் அடக்கும் மிகச் சிறிய பெட்டியை வரை. அதன் மிக நீளமான பக்கத்தில், பாதிப் புள்ளிகள் இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் விழுகிற இடத்தில் வெட்டு. இரண்டு பெட்டிகள் கிடைக்கும். அவற்றையும் அப்படியே வெட்டினால் நான்கு. எட்டுச் சுற்றில் 256. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருக்கும் நிறங்களின் சராசரிதான் தட்டில் ஓர் இடம். வேலையைக் குறைக்க, தொடக்கத்திலேயே ஒவ்வொரு வண்ணத்தையும் 32 படிகளாகச் சுருக்கி, 32,768 அறைகளில் எண்ணிக்கொள்ளலாம் என்பதும் அந்தக் கட்டுரையில் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்றைய பல மென்பொருள்களின் அடியில் ஓடுவது இந்த வழிதான்.

பின்னால் வந்தவர்கள் மெருகேற்றினார்கள். 1988-இல் கெர்வாட்ஸும் புர்காத்தோஃபரும் எட்டுக் கிளை மரமாக நிறங்களை அடுக்கி, இலைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் குறைக்கும் முறையைத் தந்தார்கள். 1991-இல் ஷியாலின் வூ, எங்கே வெட்டினால் பிழை மிகவும் குறையும் என்று கணக்கிட்டு வெட்டும் வழியைக் காட்டினார். 1994-இல் அந்தோணி டெக்கர் நரம்பு வலைப்பின்னலைக் கொண்டு நிறங்களைக் கற்றுக்கொள்ளும் நியூக்வாண்டை எழுதினார். இவை எல்லாம் கூர்மையில் வேறுபடுகின்றன. ஆனால் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: பிக்சல்களின் எண்ணிக்கைக்கு எடை உண்டு.

ஊர்க்கூட்டத்தில் கையைத் தூக்கச் சொல்லி எண்ணுவதைப் போன்றது இது. ஒரு தெருவுக்குள் எண்ணும்போது பத்து வீட்டின் குரலும் கேட்கும். பத்துத் தெருக்களைச் சேர்த்து எண்ணினால் அந்தப் பத்து வீடும் காணாமல் போகும். இதை எண்களோடு பார்ப்பது நல்லது.

கடற்கரையில் எடுத்த பத்துப் படங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 320-க்கு 200. ஒன்பது படங்களில் கடல், வானம், மணல் மட்டும். பத்தாவதில் ஒரு சிவப்பு மிதவை. 20-க்கு 20, அதாவது 400 பிக்சல். பத்தாவது படத்தைத் தனியாக 256 நிறங்களுக்குக் குறைத்தால் ஒரு பெட்டிக்குச் சராசரியாக 250 பிக்சல் வரும். மிதவை ஒன்றரைப் பெட்டி அளவுக்குக் கனமானது. தனக்கென்று ஓர் இடத்தை அது வாங்கிவிடும். இப்போது பத்துப் படங்களையும் ஒன்றாகக் கொட்டுவோம். 6,40,000 பிக்சல், ஒரு பெட்டிக்கு 2,500. மிதவையின் 400 பிக்சலால் ஒரு பெட்டியின் ஆறில் ஒரு பங்கைக்கூட நிரப்ப முடியவில்லை. தனிப் பெட்டி கிடையாது. நிறத்தில் நெருங்கியிருக்கும் ஈர மணலோடு அது ஒண்டுக்குடித்தனம் போக வேண்டியதுதான்.

மிதவையின் நிறம் சிவப்பு 220, பச்சை 40, நீலம் 30 என்றும், அதே பெட்டியில் விழுந்த 2,100 மணல் பிக்சல்களின் நிறம் 120, 90, 60 என்றும் வைத்துக்கொள்வோம். சராசரி போட்டால் 136, 82, 55 வருகிறது. அது பழுப்பு, ஈரமணலைவிட ஒரு சாயல் செம்மை கூடிய பழுப்பு. மணலின் நிறம் லேசாகத்தான் கெட்டது. மிதவை முழுதாக அழிந்தது. பத்தாவது படத்தை எடுத்ததே அந்த மிதவைக்காக என்றால், அந்தப் படமே இல்லாமல் போயிற்று.

மொத்தப் பிழையைக் கூட்டிப் பார்க்கும் கணக்கு இதைச் சிறந்த முடிவு என்றுதான் சொல்லும். 6,40,000 பிக்சலில் 400 என்பது 1,600-இல் ஒன்று. அந்த ஒன்று எவ்வளவு கெட்டாலும் சராசரி அசையாது. கணக்கில் எங்கும் தவறு இல்லை. எதைக் கணக்கிடச் சொன்னோம் என்பதில்தான் தவறு இருக்கிறது.

இங்கே வானத்தின் பக்கமும் பேச வேண்டும். அது வெறும் பேராசைக்காரன் இல்லை. அடிவானத்தின் வெளிறிய நீலத்திலிருந்து உச்சியின் ஆழ்ந்த நீலம்வரை நிறம் மெல்ல மெல்ல மாறுகிறது. அந்தச் சரிவுக்குப் பத்து நீலங்கள் மட்டும் கொடுத்தால் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துபோகும். மனிதக் கண் ஓரங்களைத் தேடி அலைவது. இரண்டு நெருங்கிய நிறங்கள் நேர்கோட்டில் சந்திக்கும் இடத்தில் அந்த வேறுபாட்டை அது பெரிதாக்கியே காணும். ஆகவே பெரிய பரப்புகள் பல இடங்களைக் கேட்பதற்கு உண்மையான காரணம் இருக்கிறது.

ஆனால் வானத்துக்கு இன்னொரு வழி உண்டு, மிதவைக்கு அது கிடையாது. இந்த வேறுபாட்டைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன்.

1976-இல் ராபர்ட் ஃபிளாய்டும் லூயிஸ் ஸ்டைன்பெர்க்கும் ஒரு எளிய உத்தியை வெளியிட்டார்கள். ஒரு பிக்சலுக்குச் சரியான நிறம் தட்டில் இல்லை என்றால் நெருங்கியதை வை. வேண்டியதற்கும் வைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத் தூக்கி எறியாமல், இன்னும் தொடாத அக்கம்பக்கத்துப் பிக்சல்களிடம் ஒப்படை. வலப்பக்கத்துக்கு 16-இல் 7 பங்கு, கீழே இடப்புறம் 3, நேர் கீழே 5, கீழே வலப்புறம் 1. இரண்டு நீலங்கள் புள்ளி புள்ளியாகக் கலந்து, தள்ளி நின்று பார்க்கும் கண்ணுக்கு இடைப்பட்ட நீலமாகத் தெரியும். இதற்கு டித்தரிங் என்று பெயர். பத்து நீலங்களை வைத்தே வானத்தின் பட்டைகளை மறைத்துவிட முடியும்.

ஆனால் கலவைக்கு ஓர் எல்லை உண்டு. தட்டில் இருக்கும் நிறங்களுக்கு நடுவில் உள்ளவற்றைத்தான் கலந்து பெற முடியும். வெளியே இருப்பவற்றைப் பெற முடியாது. தட்டிலேயே மிகச் சிவந்த நிறம் 136, 82, 55 என்றால், எத்தனை புள்ளிகளை எப்படிக் கலந்தாலும் 220, 40, 30 வராது. நடு நிறங்கள் போனால் மீட்கலாம். விளிம்பு நிறங்கள் போனால் போனதுதான். எண்ணிக்கையை நம்பும் வழிகளோ இதற்கு நேர்மாறாக நடக்கின்றன. நடுவில்தான் கூட்டம் அதிகம் என்பதால் நடுவுக்கு வாரி வழங்குகின்றன. விளிம்பில் ஆள் குறைவு என்பதால் விளிம்பை உள்ளே இழுத்துச் சராசரியாக்கிவிடுகின்றன. தட்டின் முதல் இடங்களை விளிம்புக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நடுவுக்குப் பிரிப்பதே முறை.

மனிதர்கள் கண்ணால் பார்த்து, கையால் இந்தப் பங்கீட்டைச் செய்த காலம் ஒன்று இருந்தது. அதன் மிகச் சிறந்த சாட்சி 1993 டிசம்பர் 10 அன்று ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம் என்ற விளையாட்டு. வன்முறைக்காக அதைத் திட்டியவர்களும் கொண்டாடியவர்களும் ஏராளம். அதன் 256 நிறங்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

டூமின் படங்கள் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல. சில பூதங்களை ஏட்ரியன் கார்மாக் களிமண்ணில் செய்தார். சிலவற்றுக்கு மாதிரி உருவங்களை கிரெகர் புன்சாட்ஸ் செய்துகொடுத்தார். அவற்றைச் சுழற்றிச் சுழற்றிப் பல கோணங்களில் வீடியோ கேமராவில் பிடித்து நெக்ஸ்ட் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். துப்பாக்கிகள் சில பொம்மைக் கடையிலிருந்து வந்தவை. சுவர்களில் சில புகைப்படத்திலிருந்து, சில கையால் வரைந்தவை. களிமண், ரப்பர், பிளாஸ்டிக், காகிதம், மனிதத் தோல் எல்லாம் ஒரே 256-க்குள் இறங்க வேண்டும். அதற்காக ஜான் கார்மாக் ஒரு மென்பொருளை எழுதினார். ஃபஸ்ஸி பம்பர் பேலட் ஷாப் என்ற அதன் விளையாட்டுப் பெயர், குழந்தைகளின் களிமண் பொம்மைப் பெட்டி ஒன்றை நினைவூட்டுவது. கேமராவிலிருந்து வந்த படத்தைப் பொதுத் தட்டின் நிறங்களுக்கு மாற்றித் தருவது அதன் வேலை. படங்களுக்காகத் தட்டு என்ற நிலை அங்கே தலைகீழானது. தட்டு முதலில் நின்றது. படங்கள் அதற்குள் வந்து சேர்ந்தன.

அந்தத் தட்டைத் திறந்து பார்த்தால் நிறங்கள் சிதறிக் கிடக்காது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் படிப்படியாக இறங்கும் ஏணிகளாக அவை அடுக்கப்பட்டிருக்கும். சாம்பலுக்கு மட்டும் 32 படிகள். பழுப்புக்குப் பல ஏணிகள். தூய பச்சைக்கு 16. காரணம் அந்த விளையாட்டின் இருட்டு. தொலைவில் நிற்கும் சுவர் மங்க வேண்டும். விளக்கில்லாத அறை கறுக்க வேண்டும். அன்றைய கணினியால் ஒவ்வொரு பிக்சலுக்கும் பெருக்கல் போட்டு இருட்டாக்கிக்கொண்டிருக்க முடியாது. எனவே ஒவ்வொரு நிறத்துக்கும் 32 ஒளி அளவுகளில் எந்த நிறத்தை வைப்பது என்று முன்கூட்டியே கணித்து ஒரு பட்டியலாக வைத்தார்கள். 256 நிறம், 32 அளவு, ஆக 8,192 குறிப்புகள். அந்தக் குறிப்புகள் ஒவ்வொன்றும் சுட்டுவது அதே 256-இல் ஒன்றைத்தான். அதாவது தட்டு படங்களை மட்டும் சுமக்கவில்லை. படங்களின் நிழல்களையும் அதுதான் சுமந்தது. ஒரு நிறத்துக்கு இடம் கொடுத்தால் அதன் இருண்ட உறவுகளுக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். ஆகவே புதிய நிறம் ஒன்றைச் சேர்ப்பது ஓர் இடத்தோடு முடிகிற செலவு அல்ல. டூம் ஏன் பழுப்பும் சாம்பலுமாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

பச்சையின் 16 படிகளுக்கு இன்னொரு கதை. நான்கு பேர் சேர்ந்து விளையாடும்போது ஆளுக்கொரு நிற உடை வேண்டும். நான்கு மடங்கு படங்களை வரைந்து வைக்க இடமில்லை. வீரனின் உடையை அந்த 16 பச்சைகளில் மட்டும் வரைந்தார்கள். மற்ற மூவருக்கும் அதே படம்தான். பச்சை எண்கள் வரும் இடத்தில் சாம்பல், பழுப்பு, சிவப்பு ஏணிகளின் எண்களை மாற்றிப் போட்டார்கள். மூன்று ஏணிகளிலும் 16 படிகள் ஒத்த சீரில் இருந்ததால்தான் இது முடிந்தது. அடிபட்டால் திரை சிவக்கும், பொருளை எடுத்தால் பொன்னிறம் மின்னும். அப்போதும் படத்தில் ஒரு பிக்சலைக்கூட அவர்கள் தொடவில்லை. 14 வண்ணத்தட்டுகளை வைத்துக்கொண்டு அட்டவணையை மட்டும் மாற்றினார்கள். ஒவ்வொன்றும் 768 பைட்.

எந்தத் தானியங்கி வழிமுறையும் இப்படிப்பட்ட தட்டைத் தந்திருக்காது. கொடுத்த படங்களில் இருக்கும் நிறங்களைத்தான் அது எண்ணும். நாளை வரப்போகும் நிழலை எண்ணாது, நான்காவது வீரனின் உடையை எண்ணாது. படங்கள் எங்கே, எப்படி, எதற்காகப் பயன்படப்போகின்றன என்ற அறிவு பிக்சலுக்குள் இல்லை. அது மனிதர்களிடம் இருந்தது. டூமின் தட்டில் அது பதிந்திருக்கிறது.

படங்களையே பார்க்காமல் தட்டைத் தீர்மானித்தால் என்னாகும் என்பதற்கும் வரலாற்றில் சாட்சி உண்டு. நெட்ஸ்கேப் உலாவி காலத்தில் வழக்கத்துக்கு வந்த 216 நிற இணையத் தட்டு அப்படிப்பட்டது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 0, 51, 102, 153, 204, 255 என்று சம இடைவெளியில் ஆறு படிகள். ஆறை மும்முறை பெருக்கினால் 216. எந்தக் கணினியிலும் மாறாமல் தெரியும் என்ற ஒரே நன்மைக்காக வடிவமைப்பாளர்கள் பல ஆண்டுகள் அதைச் சுமந்தார்கள். கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்தே அதில் சாம்பல் வரிசைக்கு ஆறு இடம்தான். மனிதத் தோலின் நுட்பமான சாயல்களுக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. கண் கூசும் ஊதாக்களும் பச்சைகளும் மட்டும் வரிசையாக நிற்கும். எல்லா நிறத்துக்கும் சம இடம் என்பது எல்லாப் படத்துக்கும் நியாயம் ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இன்று நம் கையிலிருக்கும் திரைகள் 1,67,77,216 நிறங்களைக் காட்டுகின்றன. இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். கதை பழையதாகவில்லை. ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கானவர்கள் பகிரும் ஜிஃப் அசைபடங்கள், கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட்டின் குழு 1987-இல் உருவாக்கிய அதே வடிவத்தில்தான் இருக்கின்றன. அதில் ஒரு தட்டுக்கு உச்ச வரம்பு 256 நிறம். கோப்பு முழுவதற்கும் பொதுவாக ஒரு தட்டு வைக்கலாம். விரும்பினால் பிரேமுக்கு ஒரு தட்டும் வைக்கலாம். பிரேமுக்கு ஒன்று என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நூறு பிரேம்களுக்குத் தட்டுகள் மட்டுமே 76,800 பைட். அதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்கு. அசையாமல் நிற்கும் பின்சுவருக்கு ஒவ்வொரு பிரேமிலும் சற்றே வேறான பழுப்பு கிடைத்து, சுவர் துடிக்கத் தொடங்கும். பொதுத் தட்டுதான் அதை அடக்கும்.

டித்தரிங்கும் அசைபடத்தில் குணம் மாறுகிறது. ஃபிளாய்டு, ஸ்டைன்பெர்க் முறையில் மேலே ஒரு பிக்சல் மாறினால் அதன் பிழை கீழே வழிந்துகொண்டே போய்ப் புள்ளிகளின் இடத்தை எல்லாம் கலைத்துவிடும். அடுத்த பிரேமில் அசையாத பகுதிகூடப் பூச்சி பறப்பதுபோல் நெளியும். பிரைஸ் பேயர் 1973-இல் தந்த நிலையான கட்ட வடிவில் அந்த நெளிவு இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்திலேயே நிற்கும். பார்க்கச் சற்று முரடு. ஆனாலும் அசைபடத்துக்கு நான் அதையே தேர்வேன்.

எஃப்எஃப்எம்பெக் என்ற திறமூல மென்பொருளில் 2015-இல் பொதுத் தட்டு உருவாக்கும் வசதி ஒன்று சேர்ந்தது. அதில் உள்ள ஒரு தெரிவு என் வாதத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. காணொளியின் எல்லாப் பிக்சல்களையும் எண்ணச் சொல்லலாம். அல்லது முந்தைய பிரேமிலிருந்து மாறிய பிக்சல்களை மட்டும் எண்ணச் சொல்லலாம். அசையாத சுவருக்கு முன்னால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் காணொளியில் முதல் தெரிவு சுவருக்கு நிறங்களை அள்ளிக் கொடுக்கும்; இரண்டாவது தெரிவு பேசுபவரின் முகத்துக்குக் கொடுக்கும். இரண்டிலும் கணக்கு ஒன்றே. யாரை எண்ணுவது என்பதுதான் மாறியது, முகம் பிழைத்தது.

யாரை எவ்வளவு எண்ணுவது என்பதை மாற்ற இன்னும் வழிகள் இருக்கின்றன. எல்லாப் படங்களையும் ஒரே நீண்ட படமாக ஒட்டி, அதைக் குறைத்து, வந்த தட்டுக்கு ஒவ்வொன்றையும் மாற்றுவது பைதான் எழுதுபவர்கள் பலரும் கையாளும் குறுக்குவழி. அப்படிச் செய்யும்போது 4,000 பிக்சல் அகலப் படம் 400 பிக்சல் அகலப் படத்தை நசுக்கிவிடும். முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குச் சுருக்கிக்கொண்டால் ஒவ்வொரு படத்துக்கும் சம எடை கிடைக்கும். அடுத்து, எண்ணிக்கையை அப்படியே எடுக்காமல் அதன் வர்க்கமூலத்தை எடுக்கலாம். 40,000 பிக்சலுள்ள வான நீலத்தின் எடை 200 ஆகும், 400 பிக்சலுள்ள மிதவைச் சிவப்பின் எடை 20 ஆகும். நூற்றுக்கு ஒன்று என்றிருந்த விகிதம் பத்துக்கு ஒன்றாக இறங்கும். வானம் இன்னும் பெரியதுதான், ஆனால் மிதவையின் குரலும் இப்போது கேட்கும். இரண்டு கட்டமாகவும் செய்யலாம்: ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே 256-க்குக் குறைத்து, பத்துப் படத்திலிருந்தும் கிடைக்கும் 2,560 நிறங்களை எண்ணிக்கை பார்க்காமல், தூரத்தை மட்டும் பார்த்து மறுபடியும் 256 ஆக்குவது. எனக்கு இந்த இரண்டு கட்ட வழி பிடிக்கும். மிதவையின் சிவப்பு கூட்டத்திலிருந்து தள்ளி நிற்பதால், தூரத்தைப் பார்க்கும் கணக்கு அதைச் சும்மா விழுங்காது.

தூரம் என்றதும் ஒரு சொல். சிவப்பு, பச்சை, நீல எண்களின் வித்தியாசம் கண் உணரும் வித்தியாசம் அல்ல. இருண்ட இரண்டு பச்சைகளுக்கு இடையிலும் வெளிறிய இரண்டு மஞ்சள்களுக்கு இடையிலும் எண்ணளவில் ஒரே தூரம் இருக்கலாம். கண்ணுக்கு அவை ஒன்றல்ல. கண்ணின் அளவுகோலுக்கு நெருங்கி வர 1976-இல் சிஐஇ லேப் என்ற நிறவெளி வந்தது. 2020-இல் பியோர்ன் ஓட்டோசன் ஓக்லேபைத் தந்தார். பொதுத் தட்டு செய்பவர் இவற்றில் ஒன்றில் தூரத்தை அளப்பது நல்லது.

முடிவைச் சோதிக்கும் முறையும் மாற வேண்டும். பத்துப் படங்களின் மொத்தப் பிழையைப் பத்தால் வகுத்துப் பார்த்துத் திருப்தி அடைவது மிதவையைக் கொன்ற அதே மனநிலை. படத்துக்குப் படம் தனியாகப் பிழையை அளந்து, மிக மோசமான படத்தை முதலில் திறந்து பார்க்க வேண்டும். அந்தப் படத்திலும் மிக மோசமான மூலையைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அது தாங்கக்கூடியதாக இருந்தால் மற்ற ஒன்பதும் தாங்கும். தாங்கவில்லை என்றால், எல்லாப் படங்களும் ஒரே தட்டில் அடங்க வேண்டுமா என்றே கேட்க வேண்டியிருக்கும். பழைய விளையாட்டுகளிலும் சிடி ராம்களிலும் இரண்டு காட்சிகளுக்கு நடுவே திரை கறுப்பாகி மீண்டு வருவதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை. அந்தக் கறுப்பில் யாருக்கும் தெரியாமல் தட்டை மாற்றிக்கொண்டார்கள். இருட்டுக் காட்சிகளுக்கு ஒரு தட்டு, வெளிச்சக் காட்சிகளுக்கு ஒரு தட்டு என்று தொகுப்பை இரண்டாகப் பிரிப்பது தோல்வி ஆகாது.

256-ஐவிட இறுக்கமான தட்டுகளும் இப்போது வந்துவிட்டன. ஏழே நிறம் காட்டும் மின்தாள் திரைகளை வாங்கிப் படச்சட்டமாக மாட்டுகிறார்கள்: கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு. அங்கே தட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லை. எந்தப் படமானாலும் அந்த ஏழில்தான் புள்ளி வைத்துக் கலக்க வேண்டும். பலர் அட்டவணையில் 255, 0, 0 என்று பளிச்சென்ற சிவப்பை எழுதிவிட்டு, படம் ஏன் செத்துக் கிடக்கிறது என்று தேடுகிறார்கள். மின்தாளின் சிவப்பு அவ்வளவு பளிச்சென்று இருப்பதில்லை, மங்கலானது. திரை உண்மையில் காட்டும் நிறங்களை அளந்து, அந்த எண்களை அட்டவணையில் எழுதினால்தான் கலவைக் கணக்கு சரியாக வரும்.

இந்த வேலையில் இறங்குபவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். மென்பொருளை ஓடவிடும் முன் எல்லாப் படங்களையும் சிறிதாக்கி ஒரே திரையில் பரப்பிப் பாருங்கள். எந்த நிறம் போனால் படம் போய்விடும் என்று படத்துக்குப் படம் கேட்டு, அந்த நிறங்களை முதலில் தட்டில் எழுதிப் பூட்டிவிடுங்கள். பெரும்பாலான தொகுப்புகளுக்குப் பத்துப் பதினைந்து இடத்துக்கு மேல் ஆகாது. மிச்சத்தை வழிமுறை பார்த்துக்கொள்ளும். மூலப் படங்களை ஒருபோதும் அழிக்காதீர்கள். குறைத்த கோப்பில் இருப்பது எண்களும் அட்டவணையும் மட்டும். அட்டவணையில் ஏறாத நிறத்தை அந்தக் கோப்பிலிருந்து திரும்ப எடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது.